இனி வரமாட்டேன் என்னும் பாடம்

பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் மூன்றாமாண்டுச் செவிலிய மாணவியரை அழைத்துக்கொண்டு நகரத்து மனநல மருத்துவமனைக்குப் போவது என் வழக்கம். கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்படும் கல்லூரிப் பேருந்து உளுந்தூர்பேட்டையில் தேநீருக்கு நிற்கும், பிறகு நெடுஞ்சாலை. அங்கே சில வாரங்கள் தங்கிப் பயிற்சி. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நோயாளி. முதல் வாரம் முழுவதும் மாணவியர் அஞ்சி ஒதுங்கி நிற்பார்கள். கடைசி வாரத்தில் அதே மாணவியர் அந்த நோயாளிகளுக்குத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓராண்டு புதிய மாணவியரோடு உள்ளே நுழைந்தபோது, பெண்கள் பிரிவின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் பின்னால் வந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கன்னத்துல மச்சம் வெச்ச பொண்ணு எங்க? போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போச்சே."

மச்சம் வைத்த பெண் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போயிருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. நம்மில் யாரும் "போகிறேன்" என்று சொல்லி ஓர் இடத்தைவிட்டுக் கிளம்புவதில்லை. அப்படிச் சொல்வது மங்கலம் அன்று என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். திரும்பிவர எண்ணமில்லாத இடத்திலும், வரவே இயலாத இடத்திலும், வருகிறேன் என்றே சொல்லிக்கொள்கிறோம். சொல்பவரும் கேட்பவரும் அதை ஓர் உறுதிமொழியாகக் கொள்வதில்லை. ஆனால் பல ஆண்டுகளாக யாரும் பார்க்க வராத ஒருவர் அதை அப்படியே நம்பிவிடுகிறார். சன்னலுக்கு வருகிறார். ஓராண்டு நிற்கிறார்.

அன்று முதல், விடைபெறும் கட்டத்தைக் கற்பிக்கும்போது ஒரு வாக்கியத்தைக் கட்டாயமாக்கினேன். நோயாளியின் எதிரில் அமர்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, "இன்றோடு நம் சந்திப்பு முடிகிறது, இனி நான் வரமாட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எழுந்து ஓடக்கூடாது. அவர் அழுதால் அந்த அழுகையோடு சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இது கொடுமை என்று மாணவியர் ஆண்டுதோறும் என்னிடம் வாதாடுவார்கள். சன்னலில் நின்ற அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொல்வேன். அடங்கிவிடுவார்கள்.

பிறகு பெருந்தொற்று வந்தது. கல்லூரி மூடப்பட்டது, மருத்துவமனைப் பயிற்சியும் நின்றது. மாணவியர் அவரவர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். உடற்கூற்றைப் படம் காட்டி நடத்திவிடலாம். மனநலச் செவிலியத்தில் கருவியென்று தனியாக ஒன்றும் கிடையாது. பேசுகிற ஆள்தான் கருவி. எதிரில் ஆளே இல்லாமல் அதை எப்படிக் கற்பிப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பல நாள் எண்ணிப் பார்த்து, மாணவியரை இருவர் இருவராகப் பிரித்தேன். ஒருத்தி செவிலி, மற்றவள் நோயாளி. நோயாளியாக இருப்பவளுக்கு வயதையும் ஒரு நோய்க்குறியையும் மட்டும் நான் கொடுப்பேன். மீதி வாழ்க்கையை அவளே இட்டு நிரப்ப வேண்டும். மாலை வகுப்பில் இருவரும் கைப்பேசியில் பேசுவார்கள். மற்றவர்கள் கேட்டுக் குறிப்பெடுப்பார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து அந்த உரையாடலை வரிக்கு வரி அலசுவோம்.

அப்படிச் சேர்ந்த இணைகளில் ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நோயாளியாக அமர்ந்தவள் கல்வராயன் மலையிலிருந்து வந்த மாணவி. அவள் ஊரில் வீட்டுக்குள் கைப்பேசி வேலை செய்யாது. பேருந்து திரும்புகிற வளைவில் ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் தொடர்பு கிடைக்கும். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பக்கூடாது என்று அவள் தாயும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வார். செவிலியாக அமர்ந்தவள் தியாகதுருகத்துப் பெண். தந்தை லாரி ஓட்டுநர். சிறிய வீடு என்பதால், மொட்டை மாடியில் காயும் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டுதான் அவள் பேசுவாள்.

மலைப்பெண்ணுக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான்: நாற்பதை நெருங்கும் பெண், உணவில் நாட்டமில்லை, பேச்சு குறைவு. அவள் அதிலிருந்து ஓர் ஆளையே உண்டாக்கிவிட்டாள். வடக்கனந்தல் பக்கத்துப் பெண். கணவன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவன் திரும்பவில்லை. துணிப்பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, எந்நேரமும் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருப்பவள்.

"அக்கா, நேத்து சாப்டீங்களா?"

"எங்க வூட்டுக்குப் போய் சாப்டுக்கறேன்."

"அதுவரைக்கும் பசிக்காதாக்கா? இன்னா கொழம்பு வேணும், சொல்லுங்க."

"நீ இன்னா நர்சா, இல்ல டிபன் கடை வெச்சிருக்கியா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நோயாளி இவ்வளவு வாய் பேசமாட்டார் என்று நான் கண்டித்தேன். "எங்க ஊரு பொம்பளைங்க எந்த நோவு வந்தாலும் வாய மட்டும் வுடமாட்டாங்க மேடம்" என்றாள் மலைப்பெண். அதையும் நான் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு நாள் நடிப்பில் ஆழ்ந்து அவள் அழத் தொடங்கினாள். நானே சற்று அரண்டுவிட்டேன். திடீரென்று யாரோ அவள் கைப்பேசியைப் பிடுங்க, வேறொரு குரல் சீறியது.

"ஏன்டி, இன்னாத்துக்குடி அழுவுற? யாருடி அங்க? எம் பொண்ண அழ வெக்கறது யாருங்க அது?"

"அம்மா, நான் அவளுடைய ஆசிரியைதான். இது பாடம். அழுவதுபோல் நடிக்கிறாள்."

"அழுவறதுக்கு ஒரு பாடமா? அத்த எங்கூட்டுக்கு வந்து கேட்டா நானே சொல்லிக் குடுத்திருப்பனே! இதுக்கா ஆஸ்டல்ல வெச்சுப் படிக்க வெச்சோம்?"

அன்றைய வகுப்பு அதற்குமேல் நடக்கவில்லை. யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன்பிறகு அந்தத் தாயும் எங்கள் வகுப்பில் ஒருவராகிவிட்டார். முதலில் மகளின் பக்கத்துப் பேச்சு மட்டுமே அவருக்குக் கேட்டது. பிறகு மகளை நச்சரித்து ஒலிபெருக்கியைப் போடச் செய்தார். செவிலி கேள்வி கேட்டு நோயாளி பேசாமலிருந்தால் அவருக்குப் பொறுக்காது. "சாப்டேன்னு சொல்லித் தொலையேண்டி. பாவம், அந்தப் பொண்ணு எம்மா நேரமா கேட்டுக்கினே கெடக்குது" என்று இடையே அவர் குரல் வரும். பேசாமலிருக்கும் நோயாளியின் அருகே செவிலியும் பேசாமல் இருக்கக் கற்க வேண்டும் என்பதும் எங்கள் பாடத்தில் உண்டு. அந்தத் தாயை வைத்துக்கொண்டு அதைக் கற்பிக்க என்னால் முடியவேயில்லை.

அந்த நாள்களில் மலைப்பெண்ணின் இடக்காதில் கம்மல் இருக்காது. காது புண்ணாகியிருந்தது. துளை தூர்ந்துவிடாமல் இருக்கத் தாய் வேப்பங்குச்சியைச் செருகியிருந்தார். கைப்பேசித் திரையில் அவள் முகம் தெளிவாகத் தெரிகிற நாளில் தோழியர் அதைப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்வார்கள்.

"இன்னாடி அது, காதுல டவரா?"

"ஆமாண்டி. இத்த எடுத்தா லைன் கட்டாயிடும்."

விடைபெறும் கட்டம் வந்தது. வழக்கம்போல் சன்னல் கதையைச் சொன்னேன். கட்டாய வாக்கியத்தை எல்லாரையும் திருப்பிச் சொல்லவைத்தேன். தியாகதுருகத்துப் பெண் எல்லாரையும்விடத் தெளிவாகச் சொன்னாள். ஆனால் உரையாடல் தொடங்கி இறுதிக்கு வந்தபோது அவள் சுற்றி வளைத்தாள்.

"அக்கா, இன்னையோட எங்க டூட்டி முடியுது. நம்ம பேசறதும் இன்னையோட முடியுது."

"அப்ப நாளைக்கு யாரு வருவா?"

"வேற சிஸ்டர் வருவாங்க."

"நீ?"

மாடியில் துணி படபடக்கும் ஓசை மட்டும் வந்தது.

"நீ வருவியா, மாட்டியா? நான் பைய எடுத்துக்கினு வாசல்ல இருக்கட்டுமா?"

"நான்... போய்ட்டு வரேன்க்கா."

வகுப்பு சிரித்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வாயில வர்லீங்க மேடம்" என்றாள். மலையிலிருந்து தாயின் குரல் அவளுக்குப் பரிந்துகொண்டு வந்தது: "நல்ல பொண்ணு வாயில எப்படிம்மா அப்படி வரும்? போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?" இது போதாது, அடுத்த வாரம் மறுபடியும் செய்ய வேண்டும் என்றேன். "பரவால்ல மேடம். இன்னொரு தபா சாவகாசமா போயிட்டாப் போவுது" என்றாள் மலைப்பெண். அவள் எங்கள் வகுப்பில் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. எங்களில் யாரும் கவலைப்படவில்லை. அந்த நாள்களில் ஒரு மாணவி வகுப்பில் இல்லையென்றால், மழை பெய்கிறது, மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரம் பழுது என்று எங்களுக்கு ஆயத்தமான விடைகள் இருந்தன. மலைப்பெண் ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமலிருப்பது வாடிக்கை. மறு வகுப்பிலும் அவள் இல்லை. "மலையில மழையா இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். தியாகதுருகத்துப் பெண் அந்த வாக்கியத்தைத் தனியாகப் பயின்று வைத்திருந்தாள். வேறொருத்தியை நோயாளியாக வைத்து இப்போதே சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அவளே வரட்டும் என்றேன்.

கடைசியில் மலைப்பெண்ணின் தந்தைதான் என்னை அழைத்தார். இரண்டாம் அலை மலைமேலும் ஏறியிருந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். தாய் தேறிவிட்டார். மகளுக்கு மூச்சுத் திணறவே ஆம்புலன்ஸ் வந்து கீழே கொண்டுபோனது. தந்தை மட்டும் உடன் போனார். தாய்க்குத் தொற்று அப்போது நீங்காததால் வீட்டைவிட்டு வெளியே வர விடவில்லை.

அந்த மருத்துவமனையின் தொற்றுப் பிரிவில் என்னிடம் முன்பு படித்த செவிலி ஒருத்தி இருந்தாள். அவளை அழைத்து, இவள் நம் பிள்ளை என்று சொன்னேன். முடிந்தபோதெல்லாம் அருகே போய் நிற்பதாகச் சொன்னாள். அப்படியே நின்றிருக்கிறாள். சில நாள் கழித்து ஒரு நண்பகலில் அவளே என்னை அழைத்தாள். முழுப் பாதுகாப்பு உடைக்குள்ளிருந்து வெளியே வந்த களைப்பு அவள் குரலில் இருந்தது. செய்தியைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்:

"முடி ரொம்ப சிக்கா இருந்துச்சு மேடம். நாந்தான் சீவி, ஒத்த சடையா பின்னி வுட்டேன். எடது காதுல ஒரு வேப்பங்குச்சி இருந்துச்சு. அத மட்டும் எடுக்க மனசு வரல. அப்படியே வுட்டுட்டேன்."

உடலைச் சுற்றிக் கட்டி, நகராட்சி வண்டியில் கீழேயே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். தந்தை தொலைவில் நின்று பார்த்தார். முகத்தைக் காட்டவில்லை. மலைக்கு அவர் கொண்டுபோனது அவளுடைய துணிகளை மட்டுந்தான்.

வகுப்புகள் தொடர்ந்தன. தொடராமல் என்ன செய்ய. தியாகதுருகத்துப் பெண் வருகைக்குக் குரல் கொடுப்பாள். அதன்பின் ஒன்றும் பேசமாட்டாள். இன்னொருத்தியோடு இணைத்தேன். எத்தனை முறை முயன்றாலும் உரையாடலின் இறுதிக்கு வரும்போது இணைப்பைத் துண்டித்துவிடுவாள். ஒரு முறை தனியே அழைத்துக் கேட்டேன்.

"சன்னல்ல நின்ன அந்தம்மா கதைய நீங்கதான சொன்னீங்க மேடம். வரேன்னு சொன்னா நெஜம்னு நம்பிக் காத்துக்கினு இருப்பாங்கன்னு. அவகிட்ட கடைசியா நான் அத்தத்தான சொன்னேன்?"

அது நடிப்பு என்றேன். நோயாளிதான் காத்திருப்பாள், உன் தோழி அல்லள் என்றேன். எனக்கே அது வெற்றுப் பேச்சாகக் கேட்டது. எந்த நடிப்பையும் மெய்யென்று எண்ணிச் செய்ய வேண்டும் என்று கற்பித்தவள் நான்தானே.

பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, மலைப்பெண்ணின் தந்தை மீண்டும் அழைத்தார். மகளுடைய சான்றிதழ்களைப் பற்றிக் கேட்பதற்காக என்று தொடங்கினார். ஆனால் அவர் அழைத்தது அதற்காக அன்று.

"அவ அம்மா தெனமும் சாயங்காலம் பஸ் வர்ற நேரத்துக்கு வளைவுல போய் நிக்கறாம்மா. எறங்கறவங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டு, பஸ்ஸு போனப்புறம் வூட்டுக்கு வரா. மூஞ்சிய பாக்காம அவதான்னு எப்படிய்யா சொல்லுவ, ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்கன்னு எங்கிட்ட சண்ட போடறா. நாங்க சொன்னா ஏற மாட்டேங்குது. நீங்க நாலு பேருக்கு இதத்தான சொல்லிக் குடுக்கறீங்க. வந்து சொல்லிட்டுப் போங்கம்மா."

தியாகதுருகத்துப் பெண்ணிடம் நான் போகப்போவதை மட்டும் சொன்னேன். வரும்படி கேட்கவில்லை. "நானும் வரேன் மேடம்" என்றாள். சொல்லிவிட்டு அந்தச் சொல்லைத் தானே கேட்டவள்போல் நிறுத்திக்கொண்டாள்.

வடக்கனந்தலைக் கடந்து பேருந்து மலையேறத் தொடங்கியபோது, தொற்றுப் பிரிவுச் செவிலி சொன்னதை அவளிடம் சொன்னேன். சடை பின்னியதையும் வேப்பங்குச்சியையும். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகக்கவசத்தின் மேல்விளிம்பு நனைந்து கறுத்தது. தாயிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நான் வழியெல்லாம் எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கேட்க வேண்டும். பொய்யான நம்பிக்கை தரக்கூடாது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லக்கூடாது. ஆண்டுக்கணக்காக மற்றவர்களுக்குச் சொன்னவைதாம். ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை.

நான் கற்பனை செய்து வைத்திருந்த பெண் வேறு. அந்தத் தாய் வாசலில் நின்று எங்களை வரவேற்றார். தலையைச் சீராக வாரி முடிந்திருந்தார். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். பிறகு தியாகதுருகத்துப் பெண்ணை உற்றுப் பார்த்தார்.

"நீதான அந்த நர்சு பொண்ணு? சாப்டியா சாப்டியான்னு உயிர வாங்குவியே."

"ஆமாம்மா."

"மொதல்ல நீ சாப்டு. எலும்புந்தோலுமா இருக்க. அவ பாத்தா இன்னா சொல்லுவா?"

கிழங்கை வாயில் வைத்தவள் விழுங்க முடியாமல் தவித்தாள். தாய் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். மகளின் துணிகள் கொடியில் தொங்கின. துவைத்து நாளாகாத துணிகளாகத் தெரிந்தன. யாரும் உடுத்தாததை அவர் மறுபடி மறுபடி துவைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு அறிந்தேன். தந்தை சுவரோரம் குந்தியிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆம்புலன்சுல ஏறும்போது கூட நல்லாத்தான் பேசினா" என்றார் தாய். "நான் இந்த வாசல்லயே நின்னேன். அவங்க கிட்டக்க வுடல. கைய ஆட்டி, போய்ட்டு வரேம்மான்னா. மூச்சு வாங்கிக்கினே சொன்னா. அவ சொன்னா சொன்னதுதான். பொய் பேசமாட்டா. இந்த மனுசன் பாத்தேன் பாத்தேன்றான். இன்னாத்த பாத்தான்? துணி மூட்டைய பாத்தான். மூஞ்சிய பாத்தானா, கேளுங்க."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் தொடங்கினேன் என்று இப்போது நினைவில்லை. தியாகதுருகத்துப் பெண் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தாயின் எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள். முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"மூஞ்சிய பாத்தவங்க இருக்காங்கம்மா."

"யாரு?"

"எங்க காலேஜ்ல படிச்ச அக்கா ஒருத்தங்க. அந்த வார்டுல நர்சு. அவங்கதான் கடைசி வரைக்கும் கூட இருந்தாங்க. தல சிக்கா இருந்துச்சுன்னு சீவி, ஒத்த சடையா பின்னி வுட்டாங்களாம்."

தாய் அவளையே பார்த்தார். நம்பாத பார்வை. யாருடைய தலையை வேண்டுமானாலும் யாரும் பின்னியிருக்கலாமே.

"காதுல வேப்பங்குச்சி இருந்துச்சாம்மா. அத்த மட்டும் எடுக்க மனசு வராம அப்படியே வுட்டுட்டாங்களாம்."

தாயின் கை மெல்ல எழுந்து தம் காதையே தொட்டது. சுவரோரம் தந்தை நிமிர்ந்தார். அவருக்கும் இது புதிய செய்தி. செவிலி என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"எந்தக் காதுல?"

"எடது காதுல."

வெளியே கோழி ஒன்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போயிற்று. கைப்பேசியில் ஒருபோதும் கற்பிக்க முடியாமற்போன அந்தப் பேசாமையில் தியாகதுருகத்துப் பெண் அசையாமல் இருந்தாள். பார்வையைத் தாழ்த்தவுமில்லை.

"புண்ணு ஆறியிருந்துச்சான்னு கேட்டீங்களா?" என்றார் தாய்.

நாங்கள் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

"கேக்கலம்மா" என்றாள் அவள். அவளால் வேறு ஏதேனும் சொல்லியிருக்க முடியும். ஆறியிருந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை. இரண்டு கைகளாலும் தாயின் கையைக் காதிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா. அவ இனிமே வரமாட்டாம்மா."

அவர் எப்படி அழுதார் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. எழுந்து ஓடக்கூடாது என்று நான் கற்பித்திருந்தேன். தியாகதுருகத்துப் பெண் ஓடவில்லை. எழுந்து வெளியே போனவள் நான்தான். வாசலில் நின்று, மலைச்சரிவில் யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நெடுநேரம் அழுகை கேட்டது. அதனூடே அவர் கணவரைத் திட்டுவதும் கேட்டது. பிறகு கணவரும் அழுவது கேட்டது. அந்த மனிதர் அதுவரை அழவே இல்லை என்று அக்கம்பக்கத்தார் பிறகு சொன்னார்கள். இறந்துவிட்டாள் என்று ஒருவர் நம்பாத வீட்டில் மற்றவர் எப்படி அழுவது?

மாலையில் கிளம்பினோம். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் இல்லை. அதுவரை அந்த வீட்டை யாரும் சாவு வீடாகக் கொள்ள அந்தத் தாய் விடவில்லை. வந்த உறவினர் எல்லாரையும், வரேன் என்று சொல்ல வைத்துத்தான் அனுப்பினாராம். எங்களை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தோம்.

வளைவில் அந்தப் பாறையைப் பார்த்தேன். வகுப்பு நாள்களில் என் மனத்தில் அது பெரிதாக இருந்தது. இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான். நாங்கள் அதன் அருகே போனதும் இருவர் கைப்பேசியும் ஒருசேர ஒலிக்கத் தொடங்கின. நாள் முழுவதும் தேங்கியிருந்த செய்திகள் வந்து விழுந்தன. அவள் தன்னுடையதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது தாய் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். வழியனுப்ப வருகிறாரா, நாள்தோறும் நிற்கிற நேரமாயிற்று என்று கால்கள் தாமாகக் கொண்டுவந்துவிட்டனவா, எனக்குத் தெரியவில்லை. சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார். தூறல் விழுந்தது. முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டார்.

பேருந்து வந்து நின்றது. மேல் ஊர்க்காரர் சிலர் மூட்டைகளோடு இறங்கினார்கள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்குகிறவர்களைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறி உட்கார்ந்தோம். தியாகதுருகத்துப் பெண் சன்னல் வழியே தலையை நீட்டினாள். அவள் உதடுகள் பிரிந்தன. பழக்கத்தில் அந்தச் சொல் வாய்வரை வந்திருக்க வேண்டும். தாயும் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் உதடுகளை மூடிக்கொண்டாள்.

நடத்துநர் சீழ்க்கை ஊதுவதற்கு முன்பே தாய் திரும்பி வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். பேருந்து கிளம்பும்வரை நிற்கவில்லை.